சாய்வெழுத்தும் பட்டைப் பாதமும்: காஞ்சியின் கல்லையும் தறியையும் முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில் வரிசையாக அமைந்துள்ள 58 சிற்றாலயங்களில், இரண்டாம் நரசிம்மவர்மன் என்னும் ராஜசிம்ம பல்லவன், கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அத்யந்தகாமன், ரணஜயன், ஸ்ரீபரன் என்று தொடங்கித் தொடர்ந்து செல்லும் தன் விருதுப் பெயர்களைக் கல்லில் வெட்டுவித்தான். 1890-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் இவற்றைப் படித்துப் பதிப்பித்த ஹுல்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பண்டிதரின் உழைப்பால், சரித்திர மாணவர்கள் அம்மன்னனின் குணாதிசயங்களையும் சமயப் பற்றையும் சங்கீத ரசனையையும் அறிந்துகொண்டார்கள். ஆனால் எழுத்தின் வடிவத்தில் சிரத்தை உடையவர்களுக்கு அங்கே வேறொரு விசேஷம் காத்திருக்கிறது. அப்பெயர்கள் ஒருமுறை மட்டும் எழுதப்படவில்லை. அதே பெயர்கள் பல்லவ கிரந்தத்தின் எளிய வடிவத்திலும், கொடியோடிய அலங்கார வடிவத்திலும், வடநாட்டு நாகரியைச் சார்ந்த வடிவத்திலும் அடுக்கடுக்காகத் திரும்ப வருகின்றன. பொருள் ஒன்று, ஒலி ஒன்று; உருவம் மட்டும் வேறு. வாசிப்பதற்கு ஒரே வரிசை போதுமானதாயிருக்க, இத்தனை செலவும் இத்தனை உளி வேலையும் எதற்காக என்று கேட்போமாயின், ஒரே சொல்லை வேறொரு குரலில் சொல்ல வேண்டும் என்ற ஆசை எழுத்தின் வரலாற்றில் எவ்வளவு பழமையானது என்பது புலப்படும்.

ஐரோப்பிய அச்சுக்கலையில் அந்த ஆசைக்குக் கிடைத்த விடைதான் இத்தாலிக் எனப்படும் சாய்வெழுத்து. அச்சாய்வெழுத்தின் பல குடும்பங்களுள், முனைகளில் கனத்த பட்டைகளைத் தாங்கி நிற்கும் 'ஸ்லாப் செரிஃப்' வகையின் சாய்ந்த உருவம், தமிழருக்குப் புதுமையானதும், தமிழ் எழுத்தைப் பற்றிச் சிந்திக்க மிகவும் துணைசெய்வதுமான ஒன்று என்பது என் அபிப்பிராயம். செரிஃப் என்பது எழுத்தின் கோடு முடியும் இடத்தில் குறுக்கே இடப்படும் சிறு முடிவு. ஸ்லாப் செரிஃபில் அந்த முடிவு கோட்டின் கனத்துக்கு ஏறக்குறைய நிகரான பட்டையாகி விடுகிறது. இதனை இக்கட்டுரையில் 'பட்டைப் பாதம்' என்றே குறிப்பிடுகிறேன்.

லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்னும் அச்சு வார்ப்பாளர் 1815-ஆம் ஆண்டை ஒட்டித் தம் மாதிரிப் புத்தகத்தில் இவ்வகை எழுத்தை வெளியிட்டார். நெப்போலியனின் படையெடுப்புக்குப் பிறகு எகிப்தைப் பற்றிய எதுவும் ஐரோப்பாவில் மோகத்தோடு வரவேற்கப்பட்ட காலம் அது. இக்கனத்த எழுத்துகளுக்கும் 'எகிப்தியன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தொழிற்புரட்சியால் சந்தைகள் பெருகி, லாட்டரிச் சீட்டு முதல் கப்பல் பயணம் வரை எல்லாவற்றுக்கும் சுவரொட்டி அச்சிட வேண்டியிருந்த அந்நாளில், தெருவின் மறுபக்கத்திலிருந்து கண்ணைப் பிடித்து நிறுத்தவல்ல எழுத்து தேவைப்பட்டது. நுண்ணிய மயிரிழைக் கோடுகளும் பருத்த கோடுகளும் கலந்த பழைய புத்தக எழுத்துக்கு அந்தச் சக்தி இல்லை. 1845-இல் ராபர்ட் பெஸ்லி தம் ஃபேன் ஸ்ட்ரீட் வார்ப்பகத்திலிருந்து வெளியிட்ட 'கிளாரெண்டன்' இவ்வினத்தின் முரட்டுத்தனத்தைச் சற்றே தணித்து, அகராதிகளில் தலைச்சொல்லைத் தனித்துக் காட்டும் பணிக்குப் பட்டைப் பாதத்தைக் கொண்டுவந்தது. கோஷம் போடுவதற்காகப் பிறந்த எழுத்து, முப்பது ஆண்டுகளுக்குள் அகராதியில் சொல்லை எடுத்து நீட்டும் பண்பட்ட பணியாளாக மாறியது கவனிக்கத்தக்கது.

சாய்வெழுத்தின் பிறப்போ இதனினும் மூன்று நூற்றாண்டுகள் மூத்தது. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்னும் பதிப்பாளர், ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிக்கொடுத்த அச்சுகளைக் கொண்டு, 1501-இல் வர்ஜிலின் காவியங்களைச் சிறிய கைப்பிடிப் புத்தகமாகச் சாய்வெழுத்திலேயே முழுவதும் அச்சிட்டார். அக்காலத்து இத்தாலிய அறிஞர்கள் வேகமாக எழுதும்போது அவர்கள் பேனா எழுதிய கையெழுத்தே அந்த அச்சுகளின் மூலம். ஆகவே சாய்வெழுத்து முதலில் நிமிர்ந்த எழுத்தின் துணையாகப் பிறக்கவில்லை. தனக்கென ஒரு கையும், ஒரு நடையும், ஒரு குடும்பமும் உடைய சுதந்திரமான எழுத்தாகவே பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டு செல்லச் செல்லத்தான் அது நிமிர்ந்த எழுத்தின் அருகில் அமர்ந்து, மேற்கோளையும் நூற்பெயரையும் அழுத்தத்தையும் தாங்கும் உபயோகத்தை ஏற்றது. பின்னால் கூறப்போகும் பலவற்றுக்கும் இந்த ஒரு செய்தியே ஆதாரம் என்பதால் வாசகர் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்: சாய்வு என்பது இத்தாலிக்கின் விளைவேயன்றி அதன் சாரம் அன்று; வேறொரு கையின் ஓட்டமே அதன் சாரம்.

இவ்விரு மரபுகளும் ஒன்றாகச் சேரும்போது ஒரு கஷ்டம் பிறக்கிறது. பட்டைப் பாதத்தின் சுபாவம் நிலைகொண்டு நிற்பது. சாய்வெழுத்தின் சுபாவம் ஓடுவது. நிமிர்ந்த எழுத்தில் செங்குத்துக் கோடும் பாதப் பட்டையும் செங்கோணத்தில் சந்திக்கின்றன. கோட்டைச் சாய்க்கும்போது பட்டை வரியின் மீதே கிடைமட்டமாக இருந்தாக வேண்டும். இல்லாவிடில் வரியே கலைந்துவிடும். கோடு சாய்ந்து பட்டை சாயாதிருப்பதால், சந்திப்பின் ஒருபுறம் குறுங்கோணமும் மறுபுறம் விரிகோணமும் உண்டாகின்றன. குறுங்கோணத்தில் மை தேங்கி எழுத்து கறுக்கிறது. விரிகோணத்தில் வெள்ளை பெருகி எழுத்து மெலிகிறது. தேர்ந்த வடிவமைப்பாளன் அந்தக் கறுப்பைச் செதுக்கி, வெள்ளையை நிரப்பி, பட்டையின் நீளத்தை இரு பக்கமும் வேறுவேறாக அளந்து சமன்செய்கிறான். அதனினும் ஒரு படி மேலே செல்பவன், பாதப் பட்டையின் ஒரு பாதியையே நீக்கிவிட்டு, பேனா நுழையும் இடத்தில் மேலே இடப்புறமும் பேனா விலகும் இடத்தில் கீழே வலப்புறமும் மட்டும் பட்டையை நிறுத்துகிறான். அப்போது எழுத்தின் கனமும் கெடுவதில்லை, கையின் ஓட்டமும் நிற்பதில்லை.

இதைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு தீவிரமான வாதமே நடந்தது. ஸ்டான்லி மோரிசன் 1926-இல் 'ஃப்ளூரன்' என்னும் அச்சுக்கலை இதழின் ஐந்தாம் தொகுதியில், சாய்வெழுத்து நிமிர்ந்த எழுத்தின் சாய்ந்த வடிவமாகவே இருப்பது சிறந்தது என்று வாதிட்டார். துணையெழுத்து தனக்கென்று கர்வம் கொள்ளலாகாது என்பது அவர் தர்க்கத்தின் உட்கிடை. அந்தக் கொள்கைக்கேற்ப ஹாலந்து தேசத்து யான் வான் கிரிம்பென் 'ரோமுலஸ்' எழுத்துக்குச் சாய்த்த வடிவத்தை வரைந்தார். ஆயினும் காலம் செல்லச் செல்ல அக்கொள்கை தோற்றது. ஏனெனில் வெறுமனே சாய்ந்த எழுத்து, நிமிர்ந்த எழுத்திலிருந்து போதுமான அளவு வேறுபடுவதுமில்லை, அதனோடு போதுமான அளவு இணங்குவதுமில்லை. எரிக் கில் 1930-இல் வரைந்த 'ஜோனா' இதற்கு நேரெதிரான நிரூபணம். மெல்லிய, நேரான, பட்டையொத்த பாதங்களை உடைய அந்த எழுத்தின் இத்தாலிக் ஏறத்தாழ மூன்று பாகை மட்டுமே சாய்கிறது. கண்ணுக்குச் சாய்வே தெரியாது என்று கூடச் சொல்லலாம். ஆனால் எழுத்துகள் ஒடுங்கி, கையெழுத்தின் வடிவம் பெற்றுவிடுவதால், வரியின் நடுவில் ஒரு சொல் இத்தாலிக்கில் வந்ததும் வாசகன் உடனே உணர்கிறான். கில் 1931-இல் எழுதி வெளியிட்ட 'அச்சுக்கலை பற்றிய கட்டுரை' அந்த எழுத்திலேயே அச்சானது. அதே முப்பதுகளில் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட 'ராக்வெல்' என்னும் புகழ்பெற்ற பட்டைப் பாத எழுத்தின் இத்தாலிக்கோ, பெரும்பாலும் நிமிர்ந்த வடிவத்தைச் சாய்த்ததே ஆகும். விளம்பரத் தலைப்புக்கு அது கம்பீரமாக நிற்கும், பத்தியின் நடுவில் வைத்தால் இடறும்.

நம் நாட்டில் பட்டைப் பாதம் மிக அதிகமான மக்களின் கண்ணில் பட்டது புத்தகத்தின் வழியாக அன்று, தட்டச்சு இயந்திரத்தின் வழியாகவே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுக்க வேண்டிய இயந்திரம் அது. ஒல்லியான ஆங்கில 'ஐ'யும் 'எல்'லும் தமக்குரிய அகலத்தில் தனித்து நின்றால் சொல்லில் ஓட்டை விழும் என்பதால், நீண்ட பட்டைப் பாதங்களை இட்டு அந்த இடத்தை நிரப்பினார்கள். 1950-களின் நடுவில் ஐபிஎம் நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த 'கூரியர்' இவ்வகையின் உலகப் பிரதிநிதி. கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் இந்தியாவிலேயே தட்டச்சு இயந்திரம் தயாரிக்கத் தொடங்கிய பின், காஞ்சி உள்ளிட்ட தமிழ்நாட்டு ஊர்களின் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் லோயர், ஹையர் பரீட்சைகளுக்குப் பயின்ற ஆண்களும் பெண்களும், பத்திர எழுத்தர்களும், நீதிமன்றக் குமாஸ்தாக்களும், பெயர் அறியாமலே பட்டைப் பாத எழுத்தோடு வாழ்நாள் முழுவதும் பழகினார்கள். அந்த இயந்திரத்தில் சாய்வெழுத்துக்கு இடமில்லை. அழுத்தம் வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு இட்டார்கள். கைப்பிரதியில் அடிக்கோடு கண்ட கம்பாசிட்டர், ஆங்கிலமாயின் அதை இத்தாலிக்காகக் கோர்த்தார். தமிழாயின் என்ன செய்தார்?

இந்தக் கேள்விதான் நம்மைத் தமிழ் அச்சின் உள்ளே கொண்டுசெல்கிறது. தமிழ் ஈய அச்சில் சாய்வெழுத்து ஒரு வழக்கமாக வேரூன்றவே இல்லை. இதற்கு ரசனைக் குறைவைக் காரணமாகச் சொல்வது நியாயமன்று. காரணங்கள் உலோகத்தில் இருந்தன. ஆங்கிலத்துக்குப் பெரியதும் சிறியதுமாக 52 எழுத்துகள் போதும். தமிழிலோ உயிர், மெய், உயிர்மெய் என விரிந்து, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளில் மட்டுமே பதினெட்டு மெய்களுக்கு 72 உருவங்கள் ஆகின்றன. புதிதாக ஒரு பாணி வேண்டுமானால் இத்தனைக்கும் தாய் வெட்டி, வார்த்து, அச்சுகளை வைக்கும் இன்னொரு கேஸ் முழுவதையும் நிரப்ப வேண்டும். அச்சுத் துண்டின் உடலோ செவ்வக வடிவானது. எழுத்தைச் சாய்த்தால் அதன் தலை உடலைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், அடுத்த துண்டோடு உரசும், உடையும். 'கி', 'கீ' முதலியவற்றின் மேல்விசிறிகள் நிமிர்ந்த நிலையிலேயே உடலைத் தாண்ட முயல்பவை; சாய்ந்தால் கேட்க வேண்டியதில்லை. ஆகவே தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்சுகளைக் கொண்டு 1713-இல் அச்சிடத் தொடங்கிய நாள் முதல், சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி.ஆர். ஹன்ட் அழகிய அச்சுகளைச் செய்து 1862-இல் வின்ஸ்லோவின் தமிழ் அகராதியை வெளியிட்ட நாள் வரையிலும், அதற்குப் பின்னரும், தமிழ்ப் பக்கத்தில் அழுத்தம் என்பது எழுத்தின் அளவாலும் கனத்தாலும் மேற்கோள் குறியாலும் காட்டப்பட்டதேயன்றிச் சாய்வால் காட்டப்படவில்லை. ஒற்றை மேற்கோள் குறிக்குள் நூற்பெயர் இடும் இன்றைய வழக்கமும் அம்மரபின் தொடர்ச்சிதான்.

காஞ்சி அறிஞர் அண்ணா 1942-இல் தம் ஊரிலிருந்தே 'திராவிட நாடு' இதழைத் தொடங்கியபோதும் தமிழ் அச்சு அந்த நிலையிலேயே இருந்தது. நிமிர்ந்த அச்சுகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தொனியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் வாக்கிய அமைப்பாலேயே காட்ட வேண்டிய கட்டாயம் அக்காலத் தமிழ் உரைநடைக்கு இருந்தது. எதுகையும் மோனையும் அடுக்குத் தொடரும் அவ்வுரைநடையில் இவ்வளவு செழித்ததற்கு மேடைப் பேச்சின் தாக்கம் முதற்காரணமாயினும், அச்சின் இந்த ஒரே குரலும் ஒரு துணைக்காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இருப்பினும், பக்கத்தில் இரண்டாவது குரலே இல்லாத மரபு நம்முடையது என்று முடிவுகட்டுவது பெரும் பிழையாகும். அதற்குச் சாட்சியும் காஞ்சியிலேயே இருக்கிறது. சின்ன காஞ்சிபுரத்து வைணவ ஆசாரியர்களின் உரைநூல்கள் மணிப்பிரவாளத்தில் ஆனவை. வடமொழிச் சொல்லைக் கிரந்த எழுத்திலும் தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் ஒரே வரியில் மாறிமாறி எழுதுவது அவற்றின் ஏட்டு மரபு. அச்சுக்கு வந்தபோதும் அம்மரபு பல பதிப்புகளில் காப்பாற்றப்பட்டது. பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் 'கிரந்தமாலா' வெளியீடுகளின் மூலம் இந்நகரிலிருந்து செய்த பதிப்புப் பணி வைணவ உலகம் நன்கறிந்தது. ஐரோப்பியன் தன் பக்கத்தில் லத்தீன் சொல்லையோ பிரெஞ்சுச் சொல்லையோ இத்தாலிக்கில் இட்டு, 'இது வேறு மொழியின் குரல்' என்று உணர்த்துகிறான். மணிப்பிரவாள ஏடு எழுதியவர் அதே காரியத்தை வேறோர் எழுத்தையே கொண்டு, மிகுந்த தெளிவோடு செய்துவிட்டார். கைலாசநாதர் கோயிலிலேயே, காஞ்சியை வென்ற சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், அக்கோயிலின் செல்வத்தைக் கவராது திருப்பியளித்த செய்தியைத் தூணொன்றில் கன்னட எழுத்தில் பொறித்துச் சென்றான். பல்லவ கிரந்தம் சூழ்ந்த இடத்தில் பகையரசனின் வார்த்தை அவனுடைய எழுத்திலேயே நிற்கிறது. இவை யாவும் ஒரே நியமத்தைக் காட்டுகின்றன: குரல் மாறும்போது எழுத்தை மறுபடி சிருஷ்டிப்பதே இம்மண்ணின் வழக்கம், இருந்த எழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்ப்பதன்று.

கல்லிலிருந்து தறிக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் கோர்வைக் கரையும், தாழம்பூ ரேக்கும், முந்தியின் ஜரிகை வேலையும் உலகப் பிரசித்தம். ஆனால் எழுத்து வடிவத்தை ஆராய்பவனுக்கு அத்தறி ஓர் ஆசிரியனைப் போன்றது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. முன்னாளில் நூல்களைக் கட்டி உயர்த்தும் அடை முறையிலும், பின்னாளில் ஜக்கார்டு பெட்டியின் துளையிட்ட அட்டைகளிலும், எந்த உருவமும் முதலில் கட்டங்களாகப் பிரிக்கப்பட வேண்டும். கட்டத்தாளில் வரைபவர் ஒவ்வொரு கட்டத்தையும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஒரு புள்ளியாகக் கருதுகிறார். அத்தாளில் ஓர் எழுத்தை வரைந்து பாருங்கள். கிடைக்கோடும் குத்துக்கோடும் தயக்கமின்றி விழுகின்றன. மயிரிழைக் கோடு ஒரே இழையாகி ஜரிகையின் மினுக்கில் மறைந்துபோகிறது. கனத்த கோடு நிலைத்து நிற்கிறது. கோட்டின் முனை தனித்து விடப்பட்டால் இழை தளர்ந்து கலங்கித் தெரியும். முனையில் ஒரு பட்டை வைத்தால் உருவம் அடங்கி நிற்கிறது. ஃபிகின்ஸ் சுவரொட்டிக்காகக் கண்டடைந்த பட்டைப் பாதத்தின் லட்சணங்கள் அத்தனையும் தறியின் நிர்ப்பந்தத்தால் தாமாகவே வந்து சேர்வதை இங்கே காண்கிறோம்.

ஆனால் சாய்வு? கட்டத்தாளில் சாய்ந்த கோடு என்பது படிக்கட்டு. அச்சு இத்தாலிக்குகளில் வழக்கமான சாய்வாகிய ஏறத்தாழ 14 பாகையைத் தறியில் கொண்டுவர, நான்கு வரிசைக்கு ஒரு கட்டம் வீதம் வலப்புறம் நகர வேண்டும். அப்படி நகரும் ஒவ்வோரிடத்திலும் ஒரு பல் தெரியும். பாவின் நெருக்கமும் ஊடையின் நெருக்கமும் சமமாக இல்லாவிடில் அந்தப் பல் நீண்டோ குறுகியோ போகும், வட்டம் நீள்வட்டமாகும். ஆகவே தேர்ந்த கை, சாய்வைக் கணக்காகப் பின்பற்றாமல், எந்தப் படியை எங்கே வைத்தால் கண் அதை ஒரே ஓட்டமாக ஏற்கும் என்று பார்த்து, சில படிகளை நீக்கியும் சிலவற்றை மாற்றியும் மறுபடி வரைகிறது. சாய்வை வரைய வேண்டும், கணக்கிட்டு விட்டுவிடக் கூடாது என்ற பாடத்தைத் தறியைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் சாதனம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கணினி வந்தபின் நிகழ்ந்தது இந்தப் பாடத்துக்கு நேர்மாறானது. மேசைக் கணினியில் அச்சுக் கோர்க்கும் முறை பரவியதும், எந்த எழுத்தையும் ஒரு பொத்தானை அழுத்திச் சாய்த்துவிடும் சௌகரியம் எல்லா அச்சகத்துக்கும் வந்துவிட்டது. ஈய அச்சில் அசாத்தியமாயிருந்த சாய்ந்த தமிழ், திருமண அழைப்பிதழிலும் கடைப் பலகையிலும் கோயில் விழா நோட்டீசிலும் தாராளமாகப் புழங்கலாயிற்று. காஞ்சியின் வீதிகளில் இன்றும் அதைக் காணலாம். அப்படிச் சாய்க்கப்பட்ட எழுத்தைக் கூர்ந்து நோக்கினால் சேதம் எங்கே நேர்ந்தது என்பது தெரியும். ஒரே கனமுள்ள வட்டக் கோட்டை இயந்திரம் தள்ளும்போது, ஒரு மூலைவாட்டில் கோடு தடிக்கிறது, எதிர் மூலைவாட்டில் மெலிகிறது. தமிழ் எழுத்தோ சுழிகளால் ஆனது. 'ண'வின் இரு சுழிகளும் 'ழ'வின் வளைவும் 'ஞ'வின் முடிச்சும் அடுத்தடுத்து நசுங்குகின்றன. புள்ளி முட்டையாகிறது. 'ப', 'ட' ஆகியவற்றின் அடிக்கோடு கிடையாகவே இருக்க நிற்கும் கோடு மட்டும் சாய்வதால், முன்னே பட்டைப் பாதத்தில் கண்ட அதே குறுங்கோண விரிகோணச் சிக்கல் செரிஃப் இல்லாத தமிழிலும் எழுகிறது. இன்னொன்று நுட்பமானது: ரகரத்தைத் துணைக்காலிலிருந்து பிரித்துக் காட்டுவது அடியில் இடப்புறமாக இறங்கும் அதன் வால்தான், நிற்கும் கோடும் அதே திசையில் சாய்ந்துவிடும்போது வாலுக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள கோண வேறுபாடு குறைகிறது. சிறிய அளவில் அச்சிட்ட அழைப்பிதழில், வயது முதிர்ந்த கண்களுக்கு, இது வாசிப்பையே பாதிக்கும்.

இந்தக் குறைகளைக் கண்டு தமிழுக்குச் சாய்வெழுத்தே வேண்டாம் என்று சொல்வோரும் உண்டு. அவர்களோடு நான் உடன்படுவதற்கில்லை. ஓலையும் எழுத்தாணியும் தமிழுக்குச் சீரான கனத்தையும் சுழிகளையும் கொடுத்தன. காகிதமும் பேனாவும் வந்தபின் தமிழர் கையெழுத்து வேகத்தால் சாயவும் இணையவும் செய்தது. பழைய கடிதக் கட்டுகளையும் கணக்குப் பேரேடுகளையும் புரட்டியவர்கள் அந்த ஓட்டத்தைக் கண்டிருப்பார்கள். கிரிஃபோவுக்கு இத்தாலியரின் வேகக் கையெழுத்து எப்படி மூலமாயிற்றோ, அப்படியே தமிழ்ச் சாய்வெழுத்துக்கும் மூலம் நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்குகிறது. இலங்கையைச் சேர்ந்த எழுத்துருக் கலைஞர் தாரிக் அஸீஸ் வரைந்து, எவரும் இலவசமாக உபயோகிக்க வெளியிட்டுள்ள 'கவிவாணர்', கையெழுத்தின் ஓட்டத்தைப் பின்பற்றிச் சாய்வாகவே வரையப்பட்ட தமிழ் எழுத்துரு. கூகுளின் 'நோட்டோ செரிஃப் தமிழ்' எழுத்துருவுக்கும் சாய்ந்த துணை வடிவம் தரப்பட்டிருக்கிறது. முதலாவது தனித்து நிற்கும் எழுத்து. இரண்டாவது நிமிர்ந்த எழுத்தின் அருகில் அமர்வதற்கென்றே அமைந்த எழுத்து. ஆல்டஸின் காலத்திலும் அதன் பின்னும் ஐரோப்பாவில் அடுத்தடுத்து வந்த இரண்டு நிலைகள் தமிழில் ஒரே தலைமுறையில் வந்துவிட்டன என்று இதைப் பார்க்கிறேன்.

அப்படியானால் பட்டைப் பாதம் தாங்கிய சாய்ந்த தமிழெழுத்து எப்படி இருக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும்? லத்தீன் எழுத்தின் பட்டைகளைத் தமிழின் முனைகளில் ஒட்டவைப்பது இதற்கு வழியன்று. தமிழுக்கு எந்த முனை இயல்பாகத் தாங்குதலை விரும்புகிறதோ அங்கே மட்டும் கனம் தர வேண்டும். 'ப', 'ம', 'ட' முதலியவற்றுக்கு அடிக்கோடே பட்டையாக உதவுவதால் அவற்றுக்கு வேறொன்றும் வேண்டாம். காலின் அடியிலும் 'க', 'ச', 'த' என்பவற்றின் மேற்கோட்டின் முனையிலும் சிறு பட்டை பொருந்தும். சுழி எழுத்துகளுக்கு எதுவும் சேர்க்கக் கூடாது. சாய்வின் அளவு கில்லின் ஜோனாவை ஒத்துக் குறைவாகவே இருக்கட்டும். வேறுபாட்டைச் சாய்வால் காட்டாமல் ஒடுக்கத்தாலும் கையோட்டத்தாலும் காட்டுவதே சுழி நிறைந்த எழுத்துக்கு உகந்தது. நான்கு வரிசைக்கு ஒரு கட்டம் என்னும் சாய்வு தமிழுக்கு மிகை; பத்து வரிசைக்கு ஒன்று, அதாவது ஆறு பாகைக்குச் சற்றுக் குறைவானது, போதுமானது என்பது என் கணிப்பு.

உபயோகத்தைப் பொறுத்தவரை, இவ்வெழுத்து நீண்ட வாசிப்புக்குரியதன்று. கனமும் ஓட்டமும் ஒருங்கே அமைந்த குரல் சிறிது நேரம் பேசினால் கவர்ச்சி. நெடுநேரம் பேசினால் ஆயாசம். நூலின் தலைப்பு, இயலின் பெயர், பத்தியின் நடுவில் அயற்சொல், அருங்காட்சியகத்தில் பொருளின் பெயருக்கும் விளக்கத்துக்கும் இடையே நிற்கும் காலக்குறிப்பு, பட்டுச்சேலையின் ஓரத்தில் நெய்தவரின் சங்கப் பெயர், இவற்றில் அது தன் முழு அழகோடு விளங்கும். தூரத்திலிருந்து படிக்கப்படும் கடைப்பலகைக்கு நிமிர்ந்த பட்டைப் பாதமே மேல். கல்லில் வெட்டுவதற்கும் அதுவே. ஆனால் கைலாசநாதர் கோயில் போன்ற இடங்களில் வைக்கப்படும் விளக்கப் பலகைகளில், வடமொழி விருதுப் பெயர்களைத் தமிழ் வரியின் நடுவே தர வேண்டிவரும்போது, ராஜசிம்மன் கல்லில் செய்ததற்கு இணையான ஒரு மரியாதையை நாம் செய்ய விரும்பினால், கருத்தோடு வரையப்பட்ட ஒரு துணையெழுத்து அங்கே அவசியமாகிறது.

ஆகவே தமிழ் எழுத்துரு வரைவோரும், அவர்களுக்குப் பணம் தந்து பணி செய்விக்கும் நிலையில் உள்ள பல்கலைக்கழகங்களும், பதிப்பகங்களும், அரசுத் துறைகளும், புதிதாக ஓர் எழுத்துக் குடும்பத்தைத் திட்டமிடும்போதே அதன் சாய்ந்த வடிவத்துக்கும் தனியே காலமும் கூலியும் ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய எழுத்து கைக்கு வரும் வரையில், காஞ்சியின் அச்சகத்தாரும் அழைப்பிதழ் செய்வோரும் சாய்க்கும் பொத்தானைத் தமிழின் மீது அழுத்தாமல், நம் முன்னோர் செய்தது போல் ஒற்றை மேற்கோள் குறியையும் தடித்த எழுத்தையும் கொண்டே காரியத்தை நடத்துவார்களாக.